நூற்றுக்கு நூறு வாங்கிய காவல் நிலையம்

இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை மடக்கிக்கொண்டால் பின்னால் நிற்கிற பிள்ளைக்கும் இடம் கிடைக்கும். இன்றைக்கு உங்களுக்கு ஒரு பரீட்சைக் கதை சொல்லப் போகிறேன். பரீட்சை எழுதியது பிள்ளைகள் இல்லை, ஒரு காவல் நிலையம். எழுதி நூற்றுக்கு நூறு வாங்கியது. அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். பெயர் சொல்லுகிற அளவுக்கு அது ஒன்றும் கிழித்துவிடவில்லை. திருத்தணி மலைக்கும் ஆந்திர எல்லைக்கும் நடுவில் எங்கேயோ ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

கதை பாஞ்சாலியுடையது. ஆர்.கே.பேட்டைக்குப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் நிலம் அவளுக்கு. அதில் வேர்க்கடலை, கொஞ்சம் கரும்பு. புருஷன் சந்திரமோகன் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அவளைப் பெற்ற நைனா ஆறுமுகமும் அவர்களோடுதான் இருந்தார். எழுபத்துநாலு வயது. மூன்று வருஷமாக அவருக்கு ஞாபகம் உதிர்ந்துகொண்டு வந்தது. முதலில் நேற்றுச் சாப்பிட்டது போயிற்று. பிறகு பேத்தி கவிப்பிரியாவின் பெயர் போயிற்று. அப்புறம் தமிழே போக ஆரம்பித்தது. அவருடைய அம்மா எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பெண். பத்து வயது வரைக்கும் அவர் அழுததும் சிரித்ததும் தெலுங்கில்தான். மேலே இருந்ததெல்லாம் கரைந்துபோனதும், அடியில் கிடந்த அந்தப் பேச்சு மட்டும் மிச்சமாக நின்றது.

வீட்டில் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. நம் பக்கத்தில் யார் நினைப்பார்கள்? மாட்டைத் தமிழில் அதட்டிவிட்டு மச்சானைத் தெலுங்கில் திட்டுகிற சீமை இது. நைனா "நீள்ளு" என்றால் பாஞ்சாலி சொம்பில் தண்ணீர் கொடுப்பாள். அவ்வளவுதான் விஷயம்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள், பரணி. நைனாவுக்கு மொட்டை போடுவதாக ஒரு வேண்டுதல். மலையடிவாரத்தில் குளத்துப் பக்கம் மொட்டை அடித்து, தலைக்குச் சந்தனம் பூசிவிட்டு, அவருடைய ஈர வேட்டியைப் பிழிய இரண்டு எட்டு வைத்தாள். பிழிந்து திரும்பினால் மனுஷனைக் காணோம். எத்தனை காவடி, எத்தனை மேளம், எத்தனை மொட்டை! சந்தனம் பூசிய தலை என்று அங்கே அடையாளம் சொன்னால் பாதி ஜனத்தைப் பிடித்துக் கொடுத்துவிடலாம்.

கையில் பிழிந்த வேட்டியோடு ஓடினாள். 'காணாமல் போனோர் உதவி மையம்' என்று ஒரு பந்தல். அந்த வருஷம் அந்தப் பந்தல் நான் சொன்னேனே, அந்தக் காவல் நிலையத்தின் பொறுப்பு. அங்கே மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர் ரைட்டர் கிருஷ்ணன். ஸ்டேஷனில் எழுத்து வேலை முழுக்கப் பார்க்கிற ஏட்டு.

"பேரு?"

"ஆறுமுகங்க. எங்க நைனா."

"இன்னிக்கு இதோட பதினெட்டு ஆறுமுகம் எழுதிட்டேன். வயசு?"

"எழுவத்து நாலு. ஞாபகம் பத்தாதுங்க அவருக்கு. தலைய மொட்டை அட்ச்சி…"

"தலைய வுடு. இங்க எல்லாம் மொட்டைதான். போட்டோ கீதா?"

போனில் இருந்த படத்தைக் காட்டினாள். அதில் நைனாவுக்கு நல்ல வெள்ளை முடி, முறுக்கிவிட்ட மீசை. கிருஷ்ணன் அதைப் பார்த்து 'நரைத்த தலைமுடி, மீசை' என்று அழகாக எழுதிக்கொண்டார். இப்போதுதான் மொட்டை என்று காதில் விழுந்தது. ஆனால் கை படத்தைப் பார்த்துத்தான் எழுதும். அப்படிப்பட்ட கை.

"அந்த பெஞ்சுல பாத்துக்கோ. இல்லேன்னா போன் நம்பர் குட்த்துட்டுப் போ."

பெஞ்சில் அழுகிற பிள்ளைகளும் மூன்று கிழவிகளும் இருந்தார்கள். நைனா இல்லை. பக்கத்தில் படுதா கட்டி இன்னொரு பெஞ்சு போட்டிருந்தது. பாஞ்சாலி அந்தப் பக்கம் காலை வைத்தாள்.

"தோ, எங்க போற? அது ஆந்திராக்காரங்க பெஞ்சும்மா. உனுக்கு அங்க இன்னா வேலை? கூட்டம் சேக்காத, நவுரு."

நகர்ந்துவிட்டாள். காக்கிச் சட்டை நகரு என்றால் நகர்ந்துதானே நமக்குப் பழக்கம்.

அன்றிலிருந்து மூன்றரை மாதம். ஒன்பது தடவை ஸ்டேஷனுக்கு நடந்தாள். போனால் ஓர் ஓரமாக உட்கார வைப்பார்கள். ரைட்டர் ஏடுகளில் பக்கத்துக்கு நம்பர் போட்டுக்கொண்டே இருப்பார். மத்தியானம் தலையைத் தூக்கி, "தேடிக்கினுதாம்மா கீறோம்" என்பார். ஒரு தடவை "தனிப்படை போட்டுக்கீது" என்றார். அந்தத் தனிப்படையை ஒரு நாளும் யாரும் பார்த்ததில்லை. ஸ்டேஷன் வாசலில் சுண்டல் விற்கிறவனுக்குக்கூட அதன் முகம் தெரியாது. சந்திரமோகன் மட்டும் பைக்கை எடுத்துக்கொண்டு பள்ளிப்பட்டு, கனகம்மாசத்திரம், அரக்கோணம் என்று கோயில் கோயிலாகப் போய்ப் பிச்சைக்கார வரிசைகளைப் பார்த்துவிட்டு வருவான். எல்லைக்கு அந்தப் பக்கம் தேட வேண்டும் என்று அவனுக்கும் தோன்றவில்லை. அறுபது வருஷம் இந்த மண்ணில் உழுத மனுஷன் அங்கே எதற்குப் போவார்?

கார்த்திகை பிறந்து கடலை பிடுங்குகிற சமயம். பாஞ்சாலி செடியும் கையுமாக நிற்கும்போது போன் அடித்தது.

"வணக்கம், பாஞ்சாலி அம்மாங்களா? என் பேர் சுப்ரஜா. காவல் நிலையங்கள் எப்படிச் செயல்படுதுன்னு ஆய்வு பண்ற சுதந்திரக் குழுவிலேர்ந்து பேசறேன். நாங்க போலீஸ் இல்லீங்க, வெளி ஆளுங்க. ரெண்டு நிமிஷம் பேசலாமா?"

"ஆங், சொல்லுமா."

"ஆடிக் கிருத்திகையப்போ காணாமப் போன உங்க அப்பா ஆறுமுகத்தை அன்னிக்கே கண்டுபிடிச்சு உங்ககிட்ட ஒப்படைச்சிருக்காங்க. அந்தச் சேவைக்கு ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள எத்தனை மார்க் குடுப்பீங்க?"

பாஞ்சாலியின் காதில் ஒரே ஒரு சொல்தான் விழுந்தது.

"கண்டுபுட்ச்சிட்டாங்களா? எங்க கீறாரு? சாப்டாராமா? எங்க வரணும் நானு, சொல்லும்மா!"

அந்தப் பக்கம் விசைகளைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள். "உங்ககிட்ட ஒப்படைச்சாச்சுன்னு எழுதியிருக்குங்க. உங்க பேருக்கு நேரா கைரேகை கூட இருக்கு."

"எங்கிட்டயா?"

"அப்படித்தான் இருக்கு… அப்ப மார்க்குக்கு, 'பதில் இல்லை'ன்னு போட்டுக்கட்டுமா?"

பாருங்கள் கண்ணுகளா, காணாமல் போனவரின் மகள் வயலில் நின்று தவிக்கிறாள், பரீட்சைக்காரர்களுக்குக் கட்டம் நிரம்ப வேண்டும். ஆனாலும் அந்தப் பெண் போனை வைக்கும் முன் ஒரு நல்ல காரியம் செய்தாள். "நாளைக்குக் காலைல பத்தரைக்கு அந்த ஸ்டேஷனுக்கு நேர்ல வர்றோம். பொதுமக்கள் யார் வேணா வரலாம்" என்றாள்.

பாஞ்சாலி வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். சந்திரமோகன் ஓடிவந்தான்.

"இன்னா ஆச்சு?"

"நைனாவ எங்கிட்ட குட்த்துட்டாங்களாம்."

"எப்ப?"

"ஆடியிலயே."

அவன் அவள் கையிலிருந்த செடியை வாங்கிக் கீழே வைத்தான். "காலைல வண்டிய எடுக்கறேன்" என்றான்.

அன்று முழுக்க அவளுக்கு ஒரே நினைப்புதான். கிடைத்தாயிற்று என்று எழுதிவிட்ட ஆளை எவன் தேடுவான்? மூன்றரை மாதமாக இந்த உலகத்தில் ஒரு நாய்கூட நைனாவைத் தேடவில்லை. அந்த எழுத்து அப்படியே நின்றுவிட்டால் இனிமேலும் தேடப் போவதில்லை. எங்கேயாவது ஒரு ரோட்டோரத்தில் அவர் கண்ணை மூடினால்கூட, அது வேறு யாரோ ஒரு அநாதைக் கிழவன். ஏனென்றால் ஆறுமுகம்தான் வீட்டில் பத்திரமாக இருக்கிறாரே.

மறுநாள் அந்த ஸ்டேஷனை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கல்யாண மண்டபம் பிச்சை வாங்க வேண்டும். வாசலில் இரண்டு வாழைமரம். பெண் காவலர்கள் விடியலில் இருந்து போட்ட கோலம், அது கலைந்துவிடக் கூடாதென்று போலீஸ்காரர்கள் எல்லாரும் பின்பக்கச் சந்து வழியாக உள்ளே போனார்கள். குடிநீருக்கு ஒரு புது மெஷின், அதற்குத் தண்ணீர்க் குழாய் இன்னும் இணைக்கவில்லை. 'குழந்தைகள் நேயப் பகுதி' என்று பலகை மாட்டி ஒரு கரடி பொம்மை, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். நாளைக்கே கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டுமல்லவா? லாக்கப்பில் நாலு புத்தகத்தை அடுக்கி 'நூலகம்' என்று எழுதியிருந்தார்கள். நூலகத்துக்குப் பூட்டு வெளியே இருந்தது.

இதெல்லாம் போகட்டும். நாற்காலி வரிசையில் 'புகார் கொடுக்க வந்த பொதுமக்கள்' உட்கார்ந்து போண்டா தின்றுகொண்டிருந்தார்கள். எல்லாரும் போலீஸ்காரர்களின் அத்தை, மாமியார், கொழுந்தியாள். பாஞ்சாலி உள்ளே நுழைந்ததும் ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"குந்து. நான் செயின பறிகுட்த்தவ, ஒரு மணிநேரத்துல மீட்டுக் குட்த்துட்டாங்க. நீ இன்னாவா வந்துகீற?"

"நான் நைனாவ பறிகுட்த்தவ."

"அய்ய, நல்லா கீதே! யாரு சொல்லிக் குட்த்தது, ரைட்டரா?"

"ஆங். அவருதான் எழுதனாரு" என்றாள் பாஞ்சாலி.

கிருஷ்ணன் அதற்குள் பார்த்துவிட்டார். கையில் ரோஜாப்பூத் தட்டோடு ஓடிவந்தார்.

"இன்னாம்மா, இன்னிக்குப் பாத்தா வர்றது? அப்பால வா."

"நைனாவ தேடிக்கினு கீறீங்களா ஏட்டையா?"

"தேடிக்கினுதான் கீறோம். தனிப்படையே…"

"ஆடியிலயே எங்கிட்ட குட்த்துட்டதா எழுதிக்கீதாமே?"

தட்டு ஒரு பக்கம் சாய்ந்தது. ஒரு நொடியில் குரல் தேனாகிவிட்டது. "கத்தாதம்மா. நீ எங்க வூட்டுப் பொண்ணு மாதிரி. உள்ள வந்து குந்து, டீ சாப்டு. வந்தவங்க போவட்டும், நானே சரி பண்றேன்." கொண்டுபோய் அந்தக் கரடிக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு பெண் காவலரைக் காவலுக்கு நிறுத்தினார். காணாமல் போனவரைத் தேட ஓர் ஆள் கிடைக்காத ஸ்டேஷனில், தேட வந்தவளைக் காவல் காக்க ஆள் கிடைத்தது.

பத்தரைக்கு என்று சொன்ன கார் பதினொன்றேகாலுக்கு வந்தது. குழுத் தலைவர் கணேஷ்ராம், பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பின்னால் மடிக்கணினியோடு சுப்ரஜா. கணேஷ்ராமுக்குப் பூர்வீகம் திருத்தணிதான். வந்ததும் அதைச் சொல்லிக்கொண்டார். தாத்தா மலைக்கோயில் மடப்பள்ளியில் பிரசாதம் செய்தவராம். எல்லாரும் கைதட்டினார்கள். தாத்தா நைவேத்தியத்தை ருசி பார்க்காமல் சமைத்தது சாமிக்குச் செய்த மரியாதை. பேரன் அதே வழக்கத்தைக் காவல் நிலையத்துக்கும் வைத்துக்கொண்டார். எதையும் நாக்கில் வைத்துப் பார்க்காமலேயே, "பேஷ், நன்னா இருக்கு" என்றார். குழாய் இல்லாத தண்ணீர் மெஷினுக்கும் நன்னா இருக்கு, லாக்கப் நூலகத்துக்கும் நன்னா இருக்கு.

பொன்னாடை பிடிக்க ஆள் போதவில்லை என்று காவலுக்கு நின்ற பெண்ணையும் கூப்பிட்டுவிட்டார்கள். பாஞ்சாலி எழுந்து வந்து அத்தை மாமியார் வரிசையில் உட்கார்ந்துகொண்டாள்.

இன்ஸ்பெக்டர் பக்தவச்சலம் மைக்கைப் பிடித்தார். மீசைக்கு மை பூசியது மேல் உதட்டிலும் கொஞ்சம் இருந்தது. சுவரில் திரை கட்டிப் படம் காட்ட ஆரம்பித்தார்.

"ஆடிக் கிருத்திகையில காணவில்லை என்று வந்த புகார் இருநூற்றுப் பன்னிரண்டு. கண்டுபிடித்து ஒப்படைக்கப்பட்டவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. நூற்றுக்கு நூறு!" கைதட்டல். "இதுக்குக் காரணம் நாங்களே யோசிச்ச ஒரு புது முறை. மொழிவாரி இருக்கை. தமிழ் பேசறவங்களுக்கு ஒரு பெஞ்சு, தெலுங்கு பேசறவங்களுக்கு ஒரு பெஞ்சு. தெலுங்கு பெஞ்சுல உறவினர் வராம மிச்சம் இருந்த பதினோரு பேரையும் எங்க வண்டியிலேயே எல்லை தாண்டிக் கொண்டுபோய் அவங்க மாநிலத்துல சேர்த்துட்டோம். அதோ பாருங்க."

திரையில் ஒரு படம் விழுந்தது. யாரோ மேடை மேலிருந்து எடுத்தது. நடுவில் படுதா, இந்தப் பக்கம் ஒரு பெஞ்சு, அந்தப் பக்கம் ஒரு பெஞ்சு. தெலுங்கு பெஞ்சில் வரிசையாகச் சந்தன மொட்டைகள். இடப்பக்கத்திலிருந்து நாலாவது மொட்டை, நீலக் கட்டம் போட்ட சட்டையில் ஒரு பொத்தான் மாற்றிப் போட்டிருந்தது. அவசரத்தில் அதை மாற்றிப் போட்டவள் பாஞ்சாலிதான்.

அதோடு போகவில்லை. படத்தின் ஓரத்தில், படுதாவுக்கு இந்தப் பக்கம், ஒரு பொம்பளையின் முதுகு தெரிந்தது. கையில் பிழிந்த வேட்டி. திரும்பிப் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கும் நாலாவது மொட்டைக்கும் நடுவில் பதினைந்து அடி இருக்கும்.

கணேஷ்ராம் தலையை ஆட்டி, "அருமையான யோசனை. மத்த மாவட்டத்துக்கும் சிபாரிசு பண்ணலாம்" என்றார்.

"படத்த மாத்தாத!"

எல்லாரும் திரும்பினார்கள். பாஞ்சாலி எழுந்து நின்றிருந்தாள்.

"நாலாவதா குந்தினு கீறது எங்க நைனா. இந்தப் பக்கம் முதுக காட்டினு போறது நானு. எங்க கொண்டுபோயி வுட்ட?"

"யாரும்மா நீ? யோவ், யாருய்யா இந்தம்மாவ உள்ள வுட்டது?"

"உன் நூத்துல ஒருத்தி. எங்க வுட்ட, சொல்லு."

கணேஷ்ராம் கையை உயர்த்தினார். "உட்காருங்கோம்மா. நாங்க தனித்தனி கேஸுக்குள்ள போறதில்லை. முறை சரியா இருக்கான்னு மட்டும்தான் பார்க்கறோம். பொதுமக்கள் கருத்துக்குன்னு மூணரை மணிக்குப் பதினஞ்சு நிமிஷம் ஒதுக்கியிருக்கு."

"மூணர மணிக்கு நீங்க சாப்ட்டு முட்ச்சிருப்பீங்க சார். எங்க நைனா மூணர மாசமா சாப்டாரா இல்லியான்னே எனக்குத் தெரியாது. தெலுங்குல பேசனாருன்னு இஸ்துகினு போயி வுட்ருக்காங்க. இந்தச் சீமையில தெலுங்கு பேசாத வூடு எது? இன்ஸ்பெக்டரு மாமனார் வூட்ல இன்னா பேசறாங்க, கேளுங்க!"

போண்டா வரிசையில் ஒருத்தி கிளுக்கென்று சிரித்துவிட்டாள். அவள் அந்த மாமனார் வீட்டுக்காரி.

பக்தவச்சலத்துக்கு முகம் கறுத்தது. "அவங்க எல்லாரையும் அவங்கவங்க சொந்த ஊர்லயே பத்திரமா…"

"எந்த ஊர்ல? பேரச் சொல்லு."

அவர் ரைட்டரைப் பார்த்தார், ரைட்டர் தரையைப் பார்த்தார். ஊர்ப் பெயர் தெரிந்தால்தானே சொல்வார்? கடைசியில் கதவோரம் நின்றிருந்த வேன் டிரைவர் முருகவேல்தான் சொன்னார்.

"எல்லை தாண்டி மொதல்ல வர்ற பஸ் ஸ்டாண்டுமா. வெளிய ஜூஸ் வண்டிங்க நிக்கிற எடத்தாண்ட எறக்கி வுட்டேன். ஊரு கேக்க வாணாம், எறக்கிட்டு ஒடனே திரும்புன்னாங்க."

"முருகவேல்!" என்று கத்தினார் இன்ஸ்பெக்டர்.

"கேட்டாங்க, சொன்னேன் சார்."

சுப்ரஜா விரல்களை மடிக்கணினி மேல் வைத்தபடி, "சார், இதை எந்தத் தலைப்புல போடறது?" என்று தலைவரைக் கேட்டாள்.

"இதர" என்றார் கணேஷ்ராம்.

அதைக் கேட்கப் பாஞ்சாலி அங்கே இல்லை. கோலத்தை மிதித்துக்கொண்டு ஓடிப்போய் வண்டியில் ஏறியிருந்தாள். சந்திரமோகன் எதுவும் கேட்காமல் உதைத்துக் கிளப்பினான்.

முக்கால் மணி நேரம்தான், கண்ணுகளா. மூன்றரை மாதம் தேடாத இடம் முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டது. ஜூஸ் வண்டிகளுக்குப் பக்கத்தில் ஓர் இட்லிக் கடை. கடைக்காரி கௌரியம்மாள், பருத்த உடம்பு, பெரிய மூக்குத்தி. பாஞ்சாலி தெலுங்கில் கேட்டதும் அவள் கரண்டியை வைத்துவிட்டு இடுப்பில் கையை ஊன்றினாள். அவள் தெலுங்கில் சொன்னதை நான் நம் பேச்சில் சொல்கிறேன்.

"இப்பத்தான் வர்றியா? வேனிலிருந்து கத்திரிக்கா மூட்டை எறக்கற மாதிரி எறக்கிட்டுப் போனானுங்க. பதினோரு பேரு. மத்தவங்க அழுதுகினே ஒவ்வொரு பஸ்ஸா ஏறிப் போய்ட்டாங்க. யாரு வூடு சேந்தாங்களோ, யாரு சேரலியோ. உங்க ஆளு கேட்டா ஓர் ஊர் பேரு சொல்றாரு. அங்க போய் விசாரிச்சா அவரு பேரு தெரிஞ்சவங்க ஒருத்தரும் உயிரோட இல்ல. இங்க போலீஸ்ல சொன்னேன். 'மொட்டையும் சந்தனமும் பாத்தா தெரியல? அது திருத்தணி கேஸு'ன்னு தொரத்திட்டானுங்க. சோறு போட்டு வெச்சிருக்கேன். போய்ப் பாரு, கடைக்குப் பின்னால."

பின்னால் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்து நைனா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். தலையில் விரல்கடை அளவு வெள்ளை முடி முளைத்திருந்தது. பாஞ்சாலி எதிரில் மண்டியிட்டாள். அவர் அவள் முகத்தை வெகு நேரம் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு அவள் கையைப் பிடித்துத் திருப்பினார். நகத்தில் முந்தின நாள் வயல் மண் இருந்தது.

"செனக்காயலு பீகினாரா?" என்றார். கடலை பிடுங்கியாச்சா என்று.

"பாதி பீகினாமு, நைனா" என்றாள் அவள். பாதிதான் பிடுங்கியிருக்கிறோம். அவர் பிடித்த கையை அப்படியே விட்டுவைத்தாள். சந்திரமோகன் கௌரியம்மாளின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அவள் "அட, தள்ளு தம்பி" என்று கரண்டியை எடுத்துக்கொண்டாள்.

இதோடு முடிந்தது என்றால் அந்த ஸ்டேஷனை உங்களுக்குச் சரியாகத் தெரியாது என்று அர்த்தம்.

ஒரு மாதத்தில் ஆய்வறிக்கை வந்தது. பத்துத் தலைப்பில் எட்டில் 'மிகச் சிறப்பு'. மொழிவாரி இருக்கைக்குத் தனிப் பாராட்டு. 'இதர' என்ற தலைப்பில் ஒரே வரி: 'ஒரு பெண்மணி கூட்டத்தில் இடையூறு செய்தார். நிலையப் பணியாளர்கள் அதைப் பொறுமையுடன் கையாண்டனர்.' அதை எழுதச் சென்னையிலிருந்து ஒரு கார், ஒரு கணினி, இரண்டு பொன்னாடை.

மார்கழியில் ஒரு காலை. களத்தில் கடலை காய்ந்துகொண்டிருந்தது. நைனா ஓரமாக உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தார். ரைட்டர் கிருஷ்ணன் கக்கத்தில் ஒரு பெரிய பதிவேட்டோடு வந்து நின்றார்.

"பெரியவரு வந்துட்டாராமே. ரொம்ப சந்தோசம்மா. ஒரு கையெழுத்து மட்டும்."

ஏட்டைத் திறந்தார். நூற்று நாற்பத்தேழாவது பதிவு. ஆறுமுகம், வயது எழுபத்துநான்கு, கண்டுபிடிக்கப்பட்டார். பெற்றுக்கொண்டவர், மகள் பாஞ்சாலி. நேராக ஊதா மையில் ஒரு கட்டைவிரல் ரேகை.

"இது யாரு ரேகை ஏட்டையா?"

"அதான், உன்…"

"நான் பத்தாவது பட்ச்சவ. கைநாட்டு வெக்கற வழக்கம் எங்க வூட்ல எங்க நைனாவோட போச்சி. யாரு கட்ட வெரலு இது?"

கிருஷ்ணன் தன் வலது கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கிக்கொண்டார். சின்னப் பிள்ளைகள் மிட்டாயை மறைப்பார்களே, அப்படி.

"மேலேர்ந்து கேக்கறாங்கம்மா. அந்தப் பொண்ணு சுப்ரஜா ஏதோ எழுதிப் போட்டுட்டா போலக்கீது. ரேகைக்குப் பக்கத்துல உன் கையெழுத்து இருந்துட்டா நூறு நூறாவே நிக்கும். சிறந்த ஸ்டேஷன்னு கேடயம் வேற அறிவிச்சிட்டாங்க. பெரியவருதான் வந்துட்டாரே, உனுக்கு இன்னா நஷ்டம்? மனசு வெய்யிமா."

"பேனாவக் குடுங்க."

சந்தோஷமாகக் கொடுத்தார். பாஞ்சாலி ஏட்டை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிறுத்தி நிறுத்தி எழுதினாள்.

'எங்கள் நைனாவை யாரும் என்னிடம் ஒப்படைக்கவில்லை. இந்த ரேகை என்னுடையது இல்லை. போலீஸ் எல்லைக்கு அப்பால் இறக்கிவிட்ட இடத்திலிருந்து நானும் என் புருஷனும் கார்த்திகையில் அழைத்து வந்தோம். அதே வண்டியில் ஏற்றிய மற்ற பத்துப் பேர் எங்கே? பாஞ்சாலி.' கீழே போன் நம்பர்.

கிருஷ்ணன் படித்தார். நெற்றியில் அடித்துக்கொண்டார். "அய்யய்யோ, இன்னாம்மா பண்ணி வெச்ச! இது பக்கத்துக்கு நம்பர் போட்ட ஏடு. கிழிக்கக்கூட முடியாதே!"

"தெரியும். ஒம்பது தபா உங்க ஸ்டேஷன்ல குந்தினுர்ந்தேன். நீங்க நம்பர் போடறதத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

"என் வேலைக்கு வேட்டு வெச்சிட்டியேம்மா."

அப்போது சந்திரமோகன் வாயைத் திறந்தான். "மத்த பத்து பேரு வெவரம் எடுத்துக்கினு வா ஏட்டு. வண்டிய நான் எடுக்கறேன்."

கிருஷ்ணன் பேனாவை வாங்கிச் சட்டைப்பையில் செருகினார். ஏட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். கேடயம் வந்ததா வரவில்லையா என்று பாஞ்சாலி விசாரிக்கவில்லை. ஒரு வாரம் கழித்து ஒரு மத்தியானம் முருகவேல் மட்டும் சீருடை இல்லாமல் வந்தார். ஒரு தாளில் பத்துப் பெயர், தனக்கு ஞாபகம் இருந்த வரைக்கும் வேனில் போகும்போது யார் எந்த ஊர் சொல்லி அழுதார்கள் என்று எழுதியிருந்தது. மறுநாள் காலையில் சந்திரமோகன் வண்டியை எடுத்தான். நைனாவுக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்து, பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, பாஞ்சாலி பின்னால் ஏறிக்கொண்டாள்.

போய் வாருங்கள், கண்ணுகளா, நேரமாகிறது. உங்கள் வீட்டிலிருந்து காலையில் கிளம்பினவர்கள் எல்லாரும் விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வந்து சேரட்டும். வழி தவறின பெரியவர் ஒருத்தர் இருந்தால், அவர் எந்தப் பேச்சில் பசி என்று சொன்னாலும் அது புரிகிற ஒருத்தி அந்த ஊரில் இட்லி ஊற்றிக்கொண்டு இருக்கட்டும். உங்கள் வாசலுக்குக் காக்கிச் சட்டை வந்தால் தண்ணீர் கேட்க மட்டும் வரட்டும். அடுப்பு அணையாமல், ஆள் குறையாமல், உங்கள் வீடு நன்றாக இருக்கட்டும்.